பொருநை விடுதியில் காய்ச்சல் இல்லை

பிப்ரவரி 10, திங்கள்

மெஸ்ஸில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களையெல்லாம் சாக்கில் கட்டி ஸ்டோர் ரூமில் போட்டாயிற்று. நாளையிலிருந்து அவரவர் தண்ணீர் பாட்டிலை அவரவர் கொண்டுவர வேண்டும். சாப்பாடு இனி இரண்டு பந்தி. கை கழுவும் இடத்தில் சோப்பு வைத்தால் மதியத்துக்குள் காணாமல் போகிறது. ஓட்டை போட்டு நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். "மாட்டுக் கழுத்து மணி மாதிரி இருக்கு மேடம்" என்று சகாயமேரி சிரித்தாள். விடுதி உதவியாளர்களில் அவள் ஒருத்திதான் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

பதினொரு மணிக்குப் பதிவாளர் அறையில் வார்டன்கள் கூட்டம். ஆண்கள் விடுதியில் காய்ச்சல் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பெண்கள் விடுதியான காவேரியிலும் அப்படித்தான். மருத்துவ மையத்து டாக்டர் நசீமா, காய்ச்சல் கண்டவர்களைத் தனியே வைக்க ஓர் இடம் வேண்டும் என்றார். விருந்தினர் இல்லத்தைக் கேட்டார். அது பட்டமளிப்பு விழாவுக்காக வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு வைத்திருக்கிறது.

பதிவாளர் முடிவாகச் சொல்லிவிட்டார். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குணமாகி, சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பட்டும்.

"பஸ்ல ஏத்தி அனுப்பினா இங்க இருக்கறத ஊர் ஊரா விநியோகம் பண்றோம் சார்" என்றார் நசீமா.

"வீட்டுல அம்மா பாத்துக்கறதவிட நாம நல்லா பாத்துக்குவோமா டாக்டர்?"

பதிவாளர் எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு விடுதியாகக் கேட்டுவந்தார். என் முறை வந்தபோது, போன வாரம் மூன்று பேரை அனுப்பியதோடு சரி, பொருநையில் இப்போது காய்ச்சல் இல்லை என்றேன். "பாருங்க, வசுமதி மேடம் மாதிரி இருக்கணும்" என்றார் எல்லார் முன்னாலும். கூச்சமாக இருந்தது.

விழா இருபத்தொன்றாம் தேதி.

பிப்ரவரி 11, செவ்வாய்

பேருந்து நிறுத்தத்தில் காவேரி விடுதிப் பிள்ளைகள் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். புவியியல் வகுப்பு எடுக்க நேரமாகிவிட்டது. வறண்ட நிலத்து மண் வகைகள் பற்றிய பாடம், பாதி பெஞ்சு காலி.

என் வீட்டுக்காரர் கதிரேசன் ஓசூரிலிருந்து பேசினார். இந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உனக்கு என்ன, நீ இருப்ப. வேலைக்குப் போறவன் நான் படுத்துட்டா யாரு பாக்கறது" என்றார். சரிதான்.

பிப்ரவரி 12, புதன்

கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானியை நுழைவாயிலில் வைத்திருக்கிறோம். வெயிலில் நடந்து வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் காட்டுகிறது. ஐந்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து மறுபடி பார்க்கிறோம். காய்ச்சல் உள்ளவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து தப்பித்துவிடுகிறார்களாம். காவேரி விடுதி வார்டன் சொல்லி வருத்தப்பட்டார். வீட்டுக்குப் போனால் செய்முறைத் தேர்வு போய்விடும், வருகைப் பதிவு போய்விடும், யார்தான் சொல்வார்கள்?

என் பிள்ளைகள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்றேன்.

மாலையில் கபசுரக் குடிநீர் கொடுத்தோம். பாதிப் பேர் வாயில் வைத்துக்கொண்டு போய்க் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றினார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

விளக்கு வைக்கிற நேரத்தில் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாள் நாகஜோதி. எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். என்னிடம் அதிகம் பேசியவள் இல்லை. விடுதி தினத்தன்று மைக் வேலை செய்யாமல் போனபோது ஒயரைப் பிரித்துச் சரிபண்ணிக் கொடுத்தவள் என்று ஞாபகம்.

"மேடம், எனக்குக் காய்ச்சல். காலைலேர்ந்து. மாத்திரை போட்டுட்டு உங்க மெஷின்ல ஏமாத்திட்டேன்."

கையைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. சரி, பெட்டியைக் கட்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய்விடு என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க மேடம். பொங்கலுக்குப் போனப்பவே மாமாவுக்குப் பேசி முடிக்கப் பாத்தாங்க. பரீட்சை இருக்குன்னு பொய் சொல்லிட்டுத்தான் தப்பிச்சு வந்தேன். இப்பப் போனா திரும்ப விட மாட்டாங்க."

"காய்ச்சல்னு வர்ற பொண்ணுக்கு யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?"

"காய்ச்சல் நாலு நாள்ல போயிரும் மேடம். நான் போனா வர முடியாது."

அறையில் இருக்கும் மற்ற மூவருக்கும் ஒட்டிவிடக் கூடாதே என்றுதான் என்னிடம் வந்ததாகச் சொன்னாள். அந்த ஒரு யோசனை இருந்ததே, அதற்காகவே மனம் இளகிவிட்டது. குவார்ட்டர்ஸில் சாமான் போட்டு வைத்திருக்கும் சின்ன அறையை ஒழித்துக் கட்டில் போட்டுக் கொடுத்தேன். அறைத்தோழிகளிடம் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னேன். சகாயமேரிக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் கேட்ட தனிமை அறைதானே இது. ஒருத்திக்காவது அமைந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

102. பாராசிட்டமால், ரசம் சாதம், வெந்நீர். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. படுத்துக்கொண்டே ஒரு தடிப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுகிறாள். நெட் தேர்வுக்குப் படிக்கிறாளாம். "படிச்சது போதும், கண்ணு எரியும்" என்று பிடுங்கி வைத்தேன்.

துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து போன். பொருநையில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். விடுதி அறைகளில் யாரும் இல்லைதான். விழாவில் விருந்தினர்களை வரவேற்க நம் விடுதிப் பெண்களையே நிறுத்துவது என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. நாற்பது பேருக்கு ஒரே நிறத்தில் சேலை பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

காய்ச்சல் ஏறுகிறது, மாத்திரைக்கு இறங்குகிறது. மெரூன் சேலை கிடைக்கவில்லை, மயில் கழுத்து நிறம்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நன்றாக இருக்கிறாள். காலையில் 99. பின்கட்டில் துணி காயப்போடும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இரண்டு இட்லி தின்றாள். எனக்கே பசி எடுத்தது.

பேச்சு தானாக வந்தது. அப்பா மிளகாய் விவசாயம். கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்ததே அந்தத் தெருவில் அவர் ஒருவர்தானாம். ஆனால் படித்து முடித்தால் போதும் என்று நினைக்கிறார். அதற்குப் பிறகும் படிப்பு இருக்கிறது என்பதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

"பி.எச்டி.ன்னா என்னன்னு கேட்டாங்க மேடம். யாருமே கண்டுபிடிக்காத ஒண்ணக் கண்டுபிடிக்கறதுன்னு சொன்னேன். அதுக்கு எங்கப்பா, யாருமே கண்டுபிடிக்கலன்னா அது தேவையில்லாததாத்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. மூச்சு இழுக்கும்போது மெல்லிய விசில் சத்தம்.

"வீசிங் உண்டா உனக்கு?"

"சின்ன வயசுல. மிளகாய் காயப்போட்டா வரும். இப்ப இல்ல மேடம்."

பையில் இன்ஹேலர் இருந்தது. காலியான இன்ஹேலர். சகாயமேரியை அனுப்பி வெளியில் வாங்கிவரச் சொன்னேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மறுபடி 103. கண் சிவந்திருக்கிறது.

மருத்துவ மையத்துக்குப் போனேன். வாசலில் பையன்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நசீமா டாக்டருக்கே குரல் கட்டிப்போயிருந்தது. வைரஸ் மாத்திரை ஒரு பட்டை வேண்டும் என்றேன்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். உடம்பு ஒரு மாதிரியா இருக்கு."

வெப்பமானியை எடுத்து என் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. மாத்திரையை எடுத்துக் கையில் வைத்தார்.

"இது மொதல் ரெண்டு நாள்ல போட்டாத்தான் நல்லா கேக்கும். வீசிங், சுகர், மாசமா இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் இது விளையாட்டு இல்ல. யாரா இருந்தாலும் சரி மேடம், மூச்சு வாங்கினா என்கிட்டகூட வர வேண்டாம். நேரா பெரியாஸ்பத்திரி."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அப்போதே சொல்லியிருந்தால் அவர் வந்து பார்த்திருப்பார். பார்த்தால் பெயரைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பியே ஆக வேண்டும், அது அவர் வேலை. பெயர் போனால் வீட்டுக்குத் தகவல் போகும். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு என்னாவது?

மாலையில் துணைவேந்தரே விடுதியைப் பார்க்க வந்துவிட்டார். முன்னறிவிப்பு இல்லை. கயிற்றில் கட்டிய சோப்பைப் பார்த்து ரசித்தார். மெஸ்ஸைப் பார்த்தார். என் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் நின்று காவேரி விடுதியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே இருமல் ஆரம்பித்தது. தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு இருமுகிற சத்தம். சகாயமேரி எங்கிருந்தோ ஓடிப்போய் மிக்ஸியைப் போட்டாள். வெறும் ஜாடி கடகடவென்று ஓடியது. துணைவேந்தர் குரலை உயர்த்திப் பேசினார்.

"அடுத்த மாசம் இணைப் பேராசிரியர் நேர்காணல் இருக்கில்ல மேடம் உங்களுக்கு? நல்லா தயார் பண்ணுங்க."

அவர் போனபிறகு உள்ளே போனேன். நாகஜோதியின் முகம் முழுக்க வியர்வை. "கேட்டுருச்சா மேடம்?" என்றாள். இல்லை என்றேன். "சாரி மேடம்" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாத்திரை வாந்தியாகிவிட்டது. மறுபடி கொடுத்தேன். தங்கியதா தெரியவில்லை.

மதியம் அவளுடைய அம்மா போன் செய்தார். பேசுவதற்கு முன் வெந்நீர் கொடுத்து, சாய்த்து உட்காரவைத்தேன். "தொண்டை கட்டியிருக்குமா, ஐஸ் வாட்டர் குடிச்சிட்டேன். ஒண்ணுமில்ல. வார்டன் மேடம் நல்லா பாத்துக்கறாங்க." நடுநடுவே போனைத் தள்ளிப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டாள். வைத்ததும் அப்படியே சரிந்து படுத்துக்கொண்டாள்.

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி ஒன்று பீரோவில் கிடந்தது. 91 காட்டியது. பழைய கருவி, பேட்டரியும் பலவீனம். என் விரலில் 98 காட்டியது.

"மேடம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமே" என்றாள் சகாயமேரி. நாளை காலை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். மாத்திரை வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 19, புதன்

காலையில் 100தான் இருந்தது. அதனால்தான் ஒத்திகைக்குப் போனேன். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது: காலையில் நூறுதான்.

மண்டபத்தில் நாற்பது பெண்களையும் இரண்டு வரிசையாக நிறுத்தி, யார் பூங்கொத்து, யார் சந்தனம் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி வாக்கில் சகாயமேரி வந்து ஓரமாக நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நடந்தே வந்தோம். ஓடினால் பார்ப்பார்கள்.

நாகஜோதி கட்டிலில் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு கத்திரிப்பூ நிறம். பேச வாயெடுத்தாள், பேச்சு வரவில்லை. இன்ஹேலர் தரையில் உருண்டு கிடந்தது.

"108ஐக் கூப்பிடுறேன் மேடம்" என்று போனை எடுத்தாள் சகாயமேரி.

ஆம்புலன்ஸ் மெயின் கேட் வழியாக, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இரு என்றேன். தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பின்கேட்டுக்கு வரச் சொன்னேன். பின்கேட்டுக்குச் சாவி வேண்டும். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துத் திறந்து, இருவரும் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம். எடையே இல்லை. தலை என் தோளில் கிடந்தது. வழியெல்லாம் எதிர்க்காற்று முகத்தில் அடித்தது, ஆனாலும் அவளுக்குக் காற்றுப் போதவில்லை.

பெரியாஸ்பத்திரியில் எடுத்ததும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஒரு சின்ன டாக்டர் பெண், நாகஜோதியின் வயதுதான் இருக்கும், கேட்டாள்: "எத்தனை நாளா இப்படி இருக்காங்க? 108ல ஏன் வரல? வண்டியிலேயே ஆக்ஸிஜன் குடுத்திருப்பாங்களே."

நேற்றிலிருந்துதான் என்றேன்.

சகாயமேரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

செயற்கை சுவாசத்தில் வைத்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, தங்கை மூவரும் விடிகாலை வந்து சேர்ந்தார்கள். தங்கை சிவஜோதி பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிச் சீருடைச் சுடிதாரிலேயே வந்திருந்தாள். வேறு நல்ல துணி காயவில்லையாம்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "பெத்தவுக நாங்க வர்றதுக்குள்ள நீங்கதான் தூக்கிட்டு ஓடியாந்தீகளாமே. அந்தப் பிள்ளை சொல்லுச்சு." அந்தப் பிள்ளை என்றது சகாயமேரியை.

அம்மா என் கையை விடவேயில்லை. "செவ்வாக்கெழம பேசுனேன் மேடம். தொண்டக்கட்டுன்னுதான் சொன்னா. ஒரு நாள்ல இப்படி வருமா?"

"இந்தக் காய்ச்சல் அப்படித்தான்மா."

"ஒரு வார்த்த காய்ச்சல்னு சொல்லியிருந்தா அவுக அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருப்பாரு. நாங்க என்ன வெட்டிப் போட்டுருவோமா?"

அவர் கை சொரசொரவென்று இருந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்துகொண்டேன். கேன்டீனில் வரிசை நீளம். நல்லதாகப் போயிற்று.

பதிவாளர் போனில் கூப்பிட்டு விவரம் கேட்டார். நேற்று மதியம் திடீரென்று மூச்சுத் திணறல், பழைய வீசிங் உள்ள பெண் என்றேன். "அப்ப இது ஆஸ்துமாதான். காய்ச்சல் கணக்குல வராது. நாளைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் மண்டபத்துல இருந்துடுங்க மேடம். நீங்க இல்லேன்னா அந்தப் பிள்ளைங்க கலைஞ்சு நிக்கும்."

பிப்ரவரி 21, வெள்ளி

காலை எட்டுக்குச் சற்று முன்னால் நாகஜோதி இறந்துவிட்டாள். சிவஜோதிதான் போன் செய்தாள். "மேடம், அக்கா" என்றாள். பிறகு போனை யாரோ வாங்கி வைத்துவிட்டார்கள்.

விழா நன்றாக நடந்தது.

பிப்ரவரி 22, சனி

உடலை நேற்று மாலையே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பல்கலைக்கழகம் வண்டி கொடுத்தது. நான் விழா முடிந்து போய்ச் சேர்ந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது.

சின்ன அறையைக் கழுவிவிட்டேன். கட்டிலை வெயிலில் போட்டேன். தலையணை உறையைத் துவைத்தேன். பென்சில் ஒன்று மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது.

சகாயமேரி தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டே, "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம்" என்றாள். நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லையே. அவளாகவே ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

சாப்பிடவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாகஜோதியின் அறைத்தோழிகள் மூவரும் வந்தார்கள். ஊருக்குப் போனவள் எப்போது திரும்பி வந்தாள் என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்தாள், உங்களை எழுப்ப வேண்டாமென்று என் வீட்டில் தங்கினாள் என்றேன். சரி மேடம் என்றார்கள். ஒருத்தி போகும்போது என் சின்ன அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்குக் கண் சிவந்திருந்தது. அழுததாலும் இருக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

அழுததால் இல்லை. 102.

விழாவில் பூங்கொத்து கொடுத்தவர்களில் ஏழு பேருக்குக் காய்ச்சல். ஒத்திகை, ஒரே அறையில் சேலை கட்டியது, ஒரே சந்தனக் கிண்ணம், விழா முடிந்து ஒரே டிரேயில் வந்த டீ. மெஸ்ஸில் இரண்டு பந்தி வைத்தேன். மண்டபத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கவைத்தவளும் நான்தான்.

டாக்டர் நசீமா விடுதிக்கு வந்தார். அவருக்கு இன்னும் குரல் வரவில்லை. அறை அறையாகப் போய்ப் பார்த்தார். திரும்பும்போது என் வாசலில் நின்றார். "அன்னிக்கு வாங்கிட்டுப் போன மாத்திரை பலன் குடுத்துச்சா மேடம்?"

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் இருமல் வந்து திரும்பிக்கொண்டார். பிறகு, "நானும் அன்னிக்கே உங்க கூட வந்து பாத்திருக்கணும். வெளிய அத்தனை பசங்க. எந்திரிக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

முப்பது பேருக்கு மேல்.

பிப்ரவரி 26, புதன்

பல்கலைக்கழகத்தைப் பத்து நாள் மூடிவிட்டார்கள். எல்லா விடுதியும் மதியத்துக்குள் காலியாக வேண்டும் என்று உத்தரவு. காய்ச்சல் உள்ளவர்களைத் தனி வண்டியில் அனுப்ப நசீமா கெஞ்சிப் பார்த்தார். வண்டி இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகள் எறும்பு மாதிரி. வந்த பஸ்களில் எல்லாம் திணித்துக்கொண்டு ஏறினார்கள். இராமநாதபுரம், சிவகங்கை, அரியலூர், கள்ளக்குறிச்சி என்று பலகை போட்ட பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வகுப்பில் காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு வீசும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். அப்படி இருந்தது.

சாயங்காலம் விடுதியில் நானும் சகாயமேரியும் மட்டும். பொருநையில் இப்போது உண்மையாகவே யாருக்கும் காய்ச்சல் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை. அத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும். ராத்திரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். வந்தால் தேவலை என்றிருக்கிறது.

கதிரேசன் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று பாதி வரை சொன்னேன். "நல்லது நினைச்சுத்தானே பண்ணின" என்றார், டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு. நல்லது நினைத்துத்தான் என்று நானும் சொன்னேன். வாயிலிருந்து வந்ததைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை. அவர் மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 11, செவ்வாய்

பல்கலைக்கழகம் திறந்துவிட்டது. பிள்ளைகள் இளைத்துப்போய்த் திரும்பியிருக்கிறார்கள். சிலருடைய வீடுகளில் தாத்தாவுக்கு, கைக்குழந்தைக்கு என்று தொற்றியிருக்கிறது. யாரிடமும் விவரம் கேட்கவில்லை.

நேர்காணல் இருபதாம் தேதி. விடுதி நிர்வாகத்துக்காகப் பாராட்டுக் கடிதம் ஒன்று கோப்பில் சேர்த்திருப்பதாகப் பதிவாளர் அலுவலகத்தில் சொன்னார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நாகஜோதியின் வீட்டுக்குப் பேசினேன். சொல்லிவிடுவது என்று காலையில் குளிக்கும்போதே தீர்மானித்திருந்தேன். ஆறு நாள் காய்ச்சல், நான்தான் வைத்துக்கொண்டேன் என்று இரண்டே வாக்கியம்.

சிவஜோதி எடுத்தாள். பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது, இயற்பியல் சுமாராக எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கும் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்ததாகவும் இப்போது எழுந்து நடப்பதாகவும் சொன்னாள்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அப்பா என்னய காலேஜுக்கு அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாரு. எந்த ஹாஸ்டலும் வேணாமாம். நீங்க சொன்னா கேப்பாரு மேடம். உங்கள ரொம்பப் பெருமையா சொல்லுவாரு. எங்க அக்கா கூடக் கடேசி வரைக்கும் இருந்தது நீங்கதான்னு."

நான் பதில் சொல்வதற்குள், "அப்பா, வார்டன் மேடம்" என்று கூப்பிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாள்.

நான் பேச ஆரம்பித்தேன். பிள்ளை நன்றாகப் படிக்கிறது, நிறுத்தாதீர்கள் என்று பொதுவாக எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பின்னால் கோழி கத்தும் சத்தம் வந்தது.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். படிக்கக் கூடாதுன்னு நெனைக்கிறவன் இல்ல நான். அந்தப் பிள்ளையவும் நான்தானே அனுப்பி வச்சேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ அம்மா சம்மதிக்க மாட்டா. ஆனா உங்களத் தெரியும் அவளுக்கு. ஒங்க ஹாஸ்டல்ல, ஒங்க பொறுப்புல வச்சுக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. டிகிரி படிப்பு அங்க இல்லாட்டியும் பக்கத்துல எதுலயாவது சேத்துவிட்டு, நீங்க பாத்துக்கிறீகன்னா அனுப்பி வைக்கிறேன். என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிறேன்னு சொல்லுங்க மேடம்."

பக்கத்தில் சிவஜோதி நின்றுகொண்டிருப்பாள். கேட்டுக்கொண்டிருப்பாள்.

சொல்ல வந்த இரண்டு வாக்கியமும் இருந்தன. அவர் கேட்ட ஒரு வார்த்தையும் இருந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

"மேடம்?" என்றார். "மேடம், லைன்ல இருக்கீகளா?"

இருந்தேன். அவரும் நெடுநேரம் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி மேடம், ஒங்களுக்கும் சங்கடந்தான். வச்சிர்றேன்" என்றார்.